காமிரா ஏந்திய கனவான்களுக்கு

— ஒரு தோட்டக் கிராணி

கூகை அலறினால் இழவு விழும் என்று எங்கள் தோட்டத்து லயங்களில் ஒரு காலத்தில் நம்பினார்கள். அந்தி மயங்கிய பின் செம்பனை வரிசைகளுக்கிடையே அதன் குரல் எழுந்தவுடன் பெண்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக் கதவடைப்பர். ஆடவர் கல்லெடுத்து எறிவர். அந்த மூடநம்பிக்கையைப் போக்குவதற்குப் பட்ட பாடு சிறிதன்று. பெரட்டுக் களத்திலும், வாசகசாலைத் திண்ணையிலும், கலியாணப் பந்தலிலும் ஓயாமல் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது: "அது எமனின் தூதன் அல்ல, ஐயா! எலிக்குத்தான் அது எமன். நமக்கு அது தோழன்." என் தந்தையார் காலத்தில் தொடங்கிய அவ்வேலை என் காலத்தில்தான் முடிந்தது. கல்லெறி நின்றது. இன்று எங்கள் லயத்துச் சிறுவர்கள் கூகையின் குரலைக் கேட்டால், "காவற்காரன் வந்துவிட்டான்" என்று சிரிக்கிறார்கள்.

அறியாமை எறிந்த கல் நின்றதென்று நாங்கள் மகிழ்ந்திருந்த வேளையில், அறிவாளிகள் ஒளியெறிய வந்தார்கள். அக்கனவான்களைப் பற்றியே இங்கு எழுதத் துணிந்தேன்.

செம்பனைத் தோட்டத்தில் எலி செய்யும் கேடு இன்னதென்று தோட்டத்தவர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டணத்து நேயர்களுக்காகச் சொல்கிறேன். எலி பழுத்த குலையையும் கொறிக்கும். பழுக்காத குலையையும் கொறிக்கும். அதனைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நஞ்சு. மரத்துக்கு ஒன்றாக நச்சுக்கட்டியை அடியில் வைத்து, சில நாள் கழித்துச் சென்று பார்த்து, எலி தின்றுபோன இடத்தில் மீண்டும் வைத்து, தின்பது குறையும்வரை அலைய வேண்டும். எங்கள் தோட்டத்தில் அவ்வாறு வாளி சுமந்து அலைகிறவர்கள் பெண்கள். மற்றொன்று கூகை. கம்பத்தின்மேல் மரப்பெட்டி அமைத்து, அதிலே பறவையைக் குடியேற விடுவது. 1980ஆம் ஆண்டுகளிலிருந்து மலேசியத் தோட்டங்கள் பலவற்றில் இம்முறை வழங்கிவருகிறது. தோட்டத்துக் கூகையின் இரையில் மிகப் பெரும்பகுதி எலியே. அது சம்பளம் கேட்பதில்லை, விடுப்புக் கேட்பதில்லை, ஒரு பெட்டியும், தொல்லையில்லாத இரவுமே அது வேண்டுவது.

எங்கள் தோட்டத்துப் பெட்டிகளின் ஏட்டை வைத்திருப்பவன் நான். பெட்டியின் எண், முட்டை, குஞ்சு, வெறுமை என்று அதில் நான்கு பத்திகள் உண்டு.

2023ஆம் ஆண்டின் இறுதியில் பட்டணத்துப் படப்பிடிப்பாளர் குழு ஒன்று தோட்டத்திற்குள் வர அனுமதி கேட்டு எழுதியது. நல்ல ஆங்கிலத்தில் எழுதிய கடிதம். இயற்கையின்மீது தாங்கள் கொண்ட அன்பை அதில் மூன்று இடங்களில் குறித்திருந்தார்கள். ஆங்கிலப் பள்ளியில் படித்த எனக்கு, நல்ல ஆங்கிலம் எழுதுகிறவர் நல்லவராகவே இருப்பார் என்றொரு மயக்கம் உண்டு; நம்மைப் போன்ற உத்தியோகக்காரர்களுக்கு அது பழைய நோய். மேலாளரிடம் பரிந்து பேசியவன் நான். அனுமதிச் சீட்டைத் தட்டச்சிட்டவனும் நான். எந்தப் பெட்டியில் முட்டை இருக்கிறதென்று ஏட்டைப் பார்த்துச் சொன்னவனும் நானே. ஆகவே இவ்வழக்கில் நான் வாதியாக மட்டும் நிற்கவில்லை. குற்றவாளிக் கூண்டிலும் எனக்கு இடமுண்டு.

மூன்று கார்களில் ஒன்பது பேர் வந்தார்கள். முழங்கை நீளமுள்ள லென்ஸுகள். ஒவ்வொன்றும் ஒரு தொழிலாளியின் பல மாதச் சம்பளம் விலை பெறும். பெட்டியின் முன்னே தொங்கிய இரண்டு மட்டைகள் காட்சியை மறைக்கின்றன என்றார் ஒருவர், வெட்டினார்கள். ஏணி சார்த்திப் பெட்டியின் கதவைத் திறந்தார் மற்றொருவர். அடைகாத்திருந்த பெட்டை அவர் தலைக்குமேல் பறந்தோடியது. முட்டைகளைப் படம் பிடித்தார்கள். இவ்வளவும் முதல் நாள். பின்னர், ஆண்பறவை எலியைக் கவ்வி வரும் தருணம் வேண்டுமென்று மூன்று புறமும் பிளாஷ் விளக்குகளை நிறுத்தினார்கள். இருளிலே பார்ப்பதற்கென்றே அமைந்த கண்களை உடைய பறவை அது. வந்தது, ஒளி வெட்டியது, விலகிப் பறந்தது. மறுபடி வந்தது, மறுபடி வெட்டியது. இப்படி நான்கு இரவுகள். ஐந்தாம் இரவு பறவை வரவில்லை, கனவான்களும் வரவில்லை. அவர்களுக்கு வேண்டிய படம் கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் பெட்டியைத் திறந்தபோது ஐந்து முட்டைகளும் குளிர்ந்து கிடந்தன.

அந்தப் படத்தைப் பின்னர் நான் கண்டேன். அது அழகிய படம். இல்லையென்று சொன்னால் பொய்யனாவேன். விரிந்த வெண்சிறகு, காலில் எலி, பின்புறம் கரிய இரவு. பார்த்தவர்களெல்லாம் வாயாரப் புகழ்ந்திருந்தார்கள். படத்தின் அடியில் "தோட்டத்தின் காவலன்" என்று பெயர் சூட்டியிருந்தார்கள். காவலனைக் குடிபெயர்த்துவிட்டு அவனுக்கே புகழ்மாலை சூட்டுவதென்றால், இதைவிடப் பரிகாசம் வேறு உண்டோ?

ஒரு பெட்டி வெறுமையானதால் தோட்டமே எலிக்காடாயிற்று என்று நான் சாதிக்க வரவில்லை. எலி பெருகுவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் மறுபருவத்தில் அதே வயலில் நச்சுக்கட்டி வைக்க உத்தரவானபோது, வாளியைச் சுமந்தவள் நாற்பத்தைந்து வயதுத் தாய் ஒருத்தி. படம் பிடித்த கனவான் அல்லர். அழகின் விலையை யார் கொடுத்தார், புகழை யார் பெற்றார் என்பதை மட்டும் நேயர்கள் எண்ணிப் பார்க்கக் கேட்கிறேன்.

இஃது எங்கள் தோட்டத்தோடு முடிந்த கதையாக இருந்தால் ஏடு ஒன்றில் எழுதி மூடிவைத்திருப்பேன். நாடெங்கும் நடப்பதனால் எழுதுகிறேன்.

இருவாய்ச்சிப் பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். வடபேராக்கின் பெலும்–தெமெங்கோர் காட்டில் இந்நாட்டு இருவாய்ச்சி வகைகள் பத்தும் வாழ்கின்றன. அவற்றின் இல்லறம் விந்தையானது. பெட்டை மரப்பொந்தினுள் புகுந்து, மண்ணாலும் எச்சத்தாலும் வாயிலை அடைத்து, அலகு நுழையும் பிளவை மட்டும் விட்டுவைத்து, மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் அக்காலம் முழுவதும் அதற்கும், பின் குஞ்சுக்கும் சோறு போடுவது பெரும்பாலும் ஆண்பறவையே. அத்தியும் பிற கனிகளும் தொண்டையில் அடக்கிக் கொணர்ந்து பிளவின் வழியே ஒவ்வொன்றாக ஊட்டும். இத்தகைய மரத்தடியில் முப்பது பேர் முக்காலிகளை நிறுத்திப் பேசிச் சிரித்துக் காத்திருந்தால் என்னவாகும்? ஆண்பறவை அஞ்சி, உணவோடு தொலைவில் ஒரு கிளையில் உட்கார்ந்திருக்கும். உள்ளே அடைபட்ட தாய் பிளவிலே அலகை வைத்துக் காத்திருக்கும். மரத்தடியில் நிற்கும் ஒவ்வொருவரும் "நான் ஒரு மணி நேரந்தானே நின்றேன்" என்பார். முப்பது பேருடைய ஒரு மணி நேரங்களைக் கூட்டிப் பார்க்கும் கணக்கு அந்தப் பறவைக்குத்தான் தெரியும்.

சிங்கப்பூரை நோக்குங்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அத்தீவில் காணாதிருந்த இருவாய்ச்சி 1994ஆம் ஆண்டில் புலாவ் ஊபினில் மீண்டும் தோன்றியது. பொந்துள்ள பெருமரங்கள் போதாமையால், 2004ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின்கீழ் அறிஞர்கள் செயற்கைக் கூட்டுப்பெட்டிகளை அமைத்து அதனைப் பெருகச் செய்தார்கள். இன்று நகரப் பூங்காக்களிலும் அது பறக்கிறது. ஒரு பறவையை மீட்க ஒரு நாடு இவ்வளவு பொறுமை காட்டியிருக்க, ஒரு படத்துக்காக அரைநாள் பொறுமை காட்ட இயலாதவர்களை என்னென்பது?

பொறுமை இல்லாதவர் தூண்டில் போடுகிறார். புழுவைத் தூவி வனப்பறவையைத் தரைக்கு இழுப்பவர் உண்டு. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு ஏமாற்றுபவர் உண்டு. தன் எல்லைக்குள் பகைவன் புகுந்தான் என்று நம்பிய ஆண்பறவை, இரை தேடுவதை விட்டு, குஞ்சை விட்டு, இல்லாத எதிரியோடு சண்டையிடப் பாய்ந்து வரும். அந்தச் சீற்றத்தைப் படம் பிடித்து, "கம்பீரம்" என்று தலைப்பிடுகிறார்கள். இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் சிங்கப்பூரில் ஒரு மனிதர் உயிருள்ள மீனுக்குள் நுரைப்பஞ்சைத் திணித்து மிதக்கவிட்டார். மீன் மூழ்காமல் மேலே கிடந்தால் கழுகு பாயும். பாய்ந்தால் படம் கிடைக்கும். வழக்கு மன்றம் ஏறி அபராதம் கட்டினார். அந்நாட்டில் 2020ஆம் ஆண்டு முதல் காட்டுயிர்க்கு உணவிடுவதே குற்றம். முதன்முறை அகப்பட்டவர்க்கு 5,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கலாம். சட்டம் இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது என்பதே நம் நாகரிகத்தின் அளவுகோல்.

கோலசிலாங்கூருக்கு அருகே கம்போங் குவாந்தானுக்குச் சென்ற நேயர்கள் பலர் இருப்பீர்கள். சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் ஆயிரமாயிரம் மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிவிட்டு அணையும் காட்சி உலகில் அரிதானது. அவ்வொளி நமக்காக ஏற்றிய தீபாவளி விளக்கன்று. ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் மொழி அது. ஆகையால் அங்கே பிளாஷ் போடக்கூடாதென்று அறிவிப்பு உண்டு. இருந்தும் படகிலே பளிச்சென்று வெட்டுகிறவர்கள் உண்டு. இதில் பேதைமை இருமடங்கு. பிளாஷ் போட்டால் மின்மினியின் சிறு ஒளி படத்தில் விழுவதே இல்லை. வெள்ளையடித்த இலைகள்தாம் விழும். மின்மினிக்கும் கேடு, படத்துக்கும் கேடு.

இத்தனைக்கும் ஆணிவேர் எது? அன்பு என்று அவர்கள் சொல்கிறார்கள். நான் அதைப் புகழாசை என்கிறேன். அடுத்தவன் எடுத்த படத்தினும் அண்மையில், அடுத்தவன் காணாத கோலத்தில், அடுத்தவனுக்கு முந்தி எடுத்தாக வேண்டும் என்ற வெறி. இவ்வெறி எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தார் நடத்தும் உலகப் புகழ்பெற்ற போட்டியே சாட்சி. 2009ஆம் ஆண்டு முதற்பரிசு பெற்ற ஓநாய்ப் படம், காட்டு ஓநாயுடையதன்று, பழக்கிய விலங்கினுடையதாகவே இருக்கவேண்டும் என்று நடுவர்கள் கண்டு 2010இல் பரிசைப் பறித்தனர். 2017ஆம் ஆண்டுப் போட்டியில் வென்ற படமொன்றில் இருந்த எறும்புண்ணி, பஞ்சடைத்த உருவமாகவே இருக்கவேண்டும் என்று முடிவு செய்து 2018இல் தகுதி நீக்கினர். படம் எடுத்தவர்கள் குற்றச்சாட்டை மறுத்தார்கள். நடுவர்கள் தீர்ப்பை மாற்றவில்லை. உலகம் பார்த்திருக்கும் மேடையிலேயே இத்தகைய ஐயம் எழுமானால், எவரும் பார்த்திராத புதருக்குள் என்னென்ன நடக்கும் என்று கற்பனை செய்யவும் வேண்டுமோ?

இன்னொன்றும் சொல்வேன்; சிலருக்குக் கசக்கும். நம் சமூகத்தில் ஒரே செயலுக்கு ஆளுக்கொரு பெயர் உண்டு. லயத்துச் சிறுவன் கூட்டைக் கலைத்தால் அவன் போக்கிரி. தொழிலாளி கண்ணி வைத்தால் அவன் குற்றவாளி. அவனைச் சட்டம் பிடிக்கிறது. பிடிக்கட்டும், அது முறையே. ஆனால் விலையுயர்ந்த லென்ஸோடு வந்து கூட்டின் மறைவை வெட்டி, வெயிலும் காகமும் பாம்பும் குஞ்சைக் காணும்படி செய்துவிட்டுப் போகிறவருக்கு மட்டும் "கலைஞர்" என்று பெயரா? "இயற்கை அன்பர்" என்று மாலையா? செத்த குஞ்சுக்கு இந்த மூவரிடையே வேற்றுமை தெரியுமா?

எதிர்வாதங்களையும் கேட்போம், கேளாமல் தீர்ப்பளிப்பது நம் கொள்கையன்று.

"படங்களைப் பார்த்தன்றோ மக்கள் காட்டின்மேல் அன்பு கொள்கிறார்கள்?" என்பர். உண்மை, நானே அவ்வாறு அன்பு கொண்டவன். ஆனால் பயன்பட்ட படங்கள் எவ்வாறு எடுக்கப்பட்டன என்று பாருங்கள். 2016 முதல் 2020 வரை நடந்த முதலாவது தேசியப் புலிக் கணக்கெடுப்பில், காட்டுத் தடங்களில் பொருத்திவைத்த தானியங்கிக் காமிராக்கள்தாம் புலியைக் கண்டன. ஆளில்லை, இரையில்லை, ஆரவாரமில்லை. தீபகற்பத்தில் எஞ்சிய புலிகள் 150க்கும் குறைவே என்ற பேருண்மையை நாட்டுக்கு உரைத்தவை அந்த அலங்காரமற்ற படங்களே. காமிரா என் பகையன்று. அதைப் பிடித்த கையின் பேராசையே என் பகை.

"காட்டை வெட்டிச் செம்பனை நட்டவர்கள் நீங்கள், எங்கள் காமிராவையா குறை சொல்கிறீர்கள்?" என்று ஒரு கனவான் என் முகத்துக்கு நேரே கேட்டார். அது கூர்மையான கேள்வி. நான் ஒளியப் போவதில்லை. ஆம். தோட்டங்கள் காட்டின் இடத்தில் நிற்கின்றன. என் சம்பளமும் அங்கிருந்தே வருகிறது. ஆனால் அதனால் விளைவது என்ன? பெரும்பகுதி போயிற்று என்றால் எஞ்சிய சிறுபகுதி பத்து மடங்கு அருமையாயிற்று என்பதே விளைவு. அதிலும் ஆளுக்கொரு கை அள்ளலாம் என்பதன்று. வீடு தீப்பற்றி எரிந்தபின் மிஞ்சிய ஒற்றைப் பெட்டியைத் திருடுகிறவன், "தீ இதைவிட அதிகம் கொண்டுபோயிற்றே" என்று சொன்னால் எந்த நீதிபதி விடுவிப்பார்?

"ஒருவன் விலகி நின்றால் மற்றவன் எடுத்துவிடுவானே" என்பது மூன்றாவது வாதம். இது வாதமன்று, இதற்கு மறுமொழியும் தேவையில்லை. கள்ளுக்கடைக்குப் போகிறவனும் இதையேதான் சொன்னான்.

இனிச் செய்யவேண்டியது யாது? சட்டம் காட்டின் ஒவ்வொரு மரத்தடியிலும் காவல் நிற்க இயலாது. இவ்வேட்டைக்குக் கூலி நம் கைதட்டல். கைதட்டுகிற நாம் கையை மடக்கிக்கொண்டால் வேட்டை தானே தளரும். கூட்டிலே எடுத்த படத்தையும், குஞ்சுக்கு இரை ஊட்டும்போது நெருங்கி எடுத்த படத்தையும் கண்டால் "ஆகா" என்பதற்குமுன், "எவ்வளவு தொலைவில் நின்றீர்? இரை போட்டீரா? கிளை வெட்டினீரா? பறவை பிறகு திரும்பி வந்ததா?" என்று கேளுங்கள். நேர்மையாளன் மகிழ்ந்து விடை சொல்வான், மற்றவன் சினப்பான். அச்சினமே விடை. பத்திரிகை நடத்துவோரும் நாட்காட்டி அச்சிடுவோரும் கூட்டுப் படங்களைப் பிரசுரிப்பதில்லை என்று உறுதி கொள்ளட்டும். கூடிருக்கும் இடத்தைக் கண்டவர் அதை ஊரறியச் சொல்லாதிருக்கட்டும். அவ்வாறு சொன்னதன் பயனை நான் கண்டவன்.

நம் இளைஞர்களுக்கு ஒரு சொல். தோட்டத்துப் பிள்ளைகள் இன்று படித்து, சம்பாதித்து, காமிரா வாங்கும் நிலைக்கு வந்திருப்பது பெருமையே. தகப்பன் அரிவாள் பிடித்த கையில் மகன் காமிரா பிடிக்கிறான் என்றால் அது முன்னேற்றம். ஆனால் கனவான்களின் கருவியை வாங்கும்போது அவர்களுடைய ஆணவத்தையும் சேர்த்து வாங்கிவிடாதீர்கள். தூர நில்லுங்கள். காத்திருங்கள். பறவை அஞ்சினால் படம் இல்லாமலே திரும்புங்கள். வெறுங்கையோடு திரும்பத் தெரிந்தவனே காட்டுக்குள் போகத் தகுதியுடையவன்.

2024ஆம் ஆண்டில் இன்னொரு குழு அனுமதி கேட்டு எழுதியது. கடிதம் முன்னதைவிட நல்ல ஆங்கிலம். நான் ஏட்டை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் சென்று, பழைய பெட்டிக்கு எதிரே என் கையால் எழுதியிருந்ததைக் காட்டினேன். முட்டை என்ற பத்தியில் ஐந்து. குஞ்சு என்ற பத்தியில் ஒன்றுமில்லை. அதன்பின் வெறுமை, வெறுமை, வெறுமை, வெறுமை. அவர் பேசாமல் கடிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். இயலாது என்று மறுமொழி தட்டச்சிட்டவனும் நானே.

அந்தப் பெட்டி இன்றும் கம்பத்தின்மேல் நிற்கிறது. பழைய மட்டைகளின் இடத்தில் புதிய மட்டைகள் வளர்ந்து அதை மறைத்திருக்கின்றன. ஒரு நாள் அதில் மீண்டும் கூகை குடியேறலாம். குடியேறினால் ஏட்டில் எழுதுவேன்; எந்தப் பெட்டி என்று எவரிடமும் சொல்லேன்.